பழைய போல்ட்டு, புது போல்ட்டு

கார் பட்டறையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. கழற்றிய போல்ட்டையே திரும்பப் போடப்போகிறீர்களா, புதிதாக வாங்கிப் போடப்போகிறீர்களா? எஞ்சின் எண்ணெய் எந்த பிராண்டு, ஸ்பேர்பார்ட்ஸ் ஒரிஜினலா லோக்கலா, ஏன் இருபது வெள்ளி கூட என்றெல்லாம் ஃபோர்மேனிடம் சண்டை போடுகிறவர்கள்கூட போல்ட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. அது காரோடு வந்தது, காரோடு போகும் என்று நினைத்துக்கொள்கிறோம். மெக்கானிக்கல் படித்த நானும் நான்கு வருடப் படிப்பில் போல்ட்டைக் கணக்குப் புத்தகத்தில்தான் அதிகம் பார்த்தேன். கையில் எடுத்து ‘உன்னை என்ன செய்வது’ என்று யோசித்தது ரெம்பாவில், என் மாமாவின் பட்டறையில்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. செம்போங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ரப்பர் மரத்தை வெட்டிவிட்டு செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலத்தில், பதினேழு வயதில், தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் கழுவப் போனார். அங்கேயே ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு வெளியே வந்து தகரக் கொட்டகை ஒன்றைப் போட்டுக்கொண்டார். இன்றைக்கும் அதே கொட்டகைதான். சுவரோரமாக மைலோ டின்கள் வரிசையாக இருக்கும். பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினேழு என்று ஸ்பேனர் அளவுப்படி பிரித்த பழைய போல்ட்டுகள். ஆயுத பூஜைக்கு வெல்டிங் மெஷினுக்கும் கம்ப்ரஸருக்கும் பொட்டு வைக்கும்போது அந்த டின்களுக்கும் வைப்பார்.

வெளியாள் பார்த்தால் கஞ்சத்தனம் என்பான். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தோன்றியது. ஒருநாள் அவரே சொன்னார். தோட்டத்துப் பட்டறையில் புது போல்ட்டு வேண்டுமானால் ஸ்டோர் கிராணியிடம் போகவேண்டும். பழைய போல்ட்டைக் காட்டினால்தான் புதுசு. “பழசு எங்கன்னு கேப்பாரு. ஒடஞ்சு உள்ளயே மாட்டிக்கிச்சுன்னா, ஒடஞ்ச தலையக் கொண்டா ம்பாரு. அதுக்கு எழுதி, கையெழுத்து வாங்கி... அதுக்குள்ள துரை வந்து வண்டி ஏன் இன்னும் ஓடலன்னு கத்துவாரு.” அப்புறம் யார் கேட்கப்போகிறார்கள்? கழற்றியதைக் கெரசினில் கழுவி, மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கையால் திருகிப் பார்த்து, தடங்கல் இல்லாமல் போனால் போட்டுவிடுவது. இதுதான் அவருக்குத் தெரிந்த முறை. நாற்பது வருடம் அந்த முறையில் ஓடிய வண்டிகள் நின்றுவிடவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது.

போல்ட்டைப் பெரும்பாலோர் ஆணி மாதிரி நினைக்கிறார்கள். அது ஸ்ப்ரிங். முறுக்கும்போது போல்ட்டு மெல்ல நீள்கிறது. நீண்டது திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கப் பார்க்கும் விசைதான் இரண்டு இரும்பையும் சேர்த்துப் பிடிக்கிறது. போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று எண் அடித்திருப்பார்கள். 10.9 என்றால் முதல் எண்ணை நூறால் பெருக்கவேண்டும்: ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன் வரை அறுந்துபோகாமல் தாங்கும். புள்ளிக்குப் பின்னால் உள்ள 9, அதில் தொண்ணூறு விழுக்காடு வரை இழுத்தாலும் விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பும் என்பது. பத்து மில்லி தடிமன் உள்ள சாதாரண மரை போல்ட்டில் இழுவையைத் தாங்கும் பரப்பு 58 சதுர மில்லிமீட்டர்தான். பெருக்கிப் பார்த்தால் ஐந்து டன்னுக்கு மேல் வருகிறது. சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத கம்பி ஐந்து டன்னை இழுத்துப் பிடித்துவிட்டு, கழற்றினால் ஒன்றும் நடக்காதது போல் பழைய அளவுக்கு வந்து நிற்கும். அந்த எல்லைக்குள் இருக்கும்வரை அதை மறுபடி போடுவதில் தப்பே இல்லை. துருப்பிடிக்காமல், மரை நசுங்காமல், கழுத்து அரிக்காமல் இருந்தால் போதும்.

மாமா கற்றுக்கொண்ட டிராக்டர்களும், அதற்குப் பிறகு அவர் கை வைத்த முதல் தலைமுறை புரோட்டோன் சாகாவும் இந்த ரகம். 1985-இல் வந்த சாகாவில் இருந்தது மிட்சுபிஷியின் எஞ்சின். ஹெட் போல்ட்டுக்கு இவ்வளவு டார்க் என்று ஒரே ஒரு எண். அந்த எண்ணில் முறுக்கினால் போல்ட்டு அதன் எல்லைக்கு உள்ளேயே நிற்கும். மாமாவின் மைலோ டின், அந்தக் காலத்துப் பொறியியலுக்குச் சரியான டின்.

பின்னால் வந்த பல எஞ்சின்களில் கதை வேறு. சிக்கல் எங்கே என்றால், டார்க் ரென்ச்சில் நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய தொண்ணூறு விழுக்காடு உராய்விலேயே போய்விடுகிறது. பாதி போல்ட்டுத் தலைக்கு அடியில், மீதி மரையில். மிச்சம் இருக்கும் பத்து விழுக்காடுதான் போல்ட்டை இழுக்கிறது. ஒரு போல்ட்டில் எண்ணெய் கொஞ்சம் கூட, இன்னொன்றில் துரு கொஞ்சம் கூட என்றால் ரென்ச் ஒரே எண்ணைக் காட்டும், உள்ளே இழுவை ஒன்றுக்கொன்று பொருந்தாது. கனமான இரும்பு ஹெட் அதைப் பொறுத்துக்கொள்ளும். மெல்லிய அலுமினிய ஹெட் பொறுக்காது. அதுவும் அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். எஞ்சின் சூடாகும் ஒவ்வொரு தடவையும் ஹெட் போல்ட்டை மேலே இழுக்கும்.

அதற்குப் பொறியாளர்கள் கண்டுபிடித்த வழி கொஞ்சம் முரட்டுத்தனமானது. போல்ட்டை வேண்டுமென்றே அதன் எல்லையைத் தாண்டி இழுத்துவிடுவது. முதலில் சின்ன டார்க், பிறகு எண்ணைப் பார்க்காமல் கோணத்தைப் பார்த்து முறுக்குவது: தொண்ணூறு டிகிரி, இன்னொரு தொண்ணூறு டிகிரி. எல்லையைத் தாண்டியபின் எவ்வளவு நீண்டாலும் இழுவை அதிகம் மாறாது. அதனால் பத்து போல்ட்டும் ஏறக்குறைய ஒரே பலத்தில் பிடிக்கும். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. எல்லையைத் தாண்டிய போல்ட்டு பழைய நீளத்துக்குத் திரும்பாது. கழற்றினால் கொஞ்சம் நீண்டே இருக்கும், கழுத்து கொஞ்சம் மெலிந்தே இருக்கும்.

இதெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். வேலைக்கு ஆகும் அறிவாக மாறியது அக்காவின் காரில்.

அக்கா சிரம்பானில் தாதி. ரெம்பாவிலிருந்து தினம் போய் வருகிறாள், பாதி நாள் இரவு ஷிப்ட். இரண்டாம் கையாக வாங்கிய ஐரோப்பிய கார், பெயர் வேண்டாம். ஒருநாள் பெடாஸ்-லிங்கி தாண்டி நெடுஞ்சாலையில் சூடேறி நின்றது. இழுத்துக்கொண்டு வந்து பிரித்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. ஹெட்டைச் சமப்படுத்த அனுப்பியாயிற்று. பத்து ஹெட் போல்ட்டுகளும் மாமாவின் மேசைமேல் பழைய தமிழ் பேப்பரில், கழற்றிய வரிசையில் கிடக்கின்றன. கையேட்டில் ஒரே வரி: ஹெட் போல்ட்டுகளை எப்போதும் மாற்றவும். கோலாலம்பூரிலிருந்து வரவேண்டும், நூற்றைம்பது வெள்ளிக்குப் பக்கம், செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும். அக்காவுக்குத் திங்கட்கிழமை இரவு ஷிப்ட்.

மாமா ஒரு போல்ட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “இதுக்கு என்னா கேடு? மரை நல்லாதானே இருக்கு.”

“மாமா, இது இழுத்து விடுற போல்ட்டு. ஒரு தரம்தான்.”

“ஜப்பான்காரன் அளந்து பாக்கச் சொல்றான். இவன் மட்டும் ஏன் அளக்காமயே தூக்கிப் போடச் சொல்றான்? போல்ட்டு விக்கணும்ல.”

இந்தச் சந்தேகத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னது உண்மை. மிட்சுபிஷி கையேடுகளில் போல்ட்டின் நீளத்தை அளக்கச் சொல்வார்கள், குறித்த அளவுக்குள் இருந்தால் மறுபடி போடலாம். டொயோட்டாவில் மரையின் மெலிந்த இடத்தில் விட்டத்தை அளக்கவேண்டும். அவர்களும் இழுத்துவிடும் போல்ட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். எத்தனை தடவை இழுக்கலாம் என்பதை மட்டும் எண்ணாக எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். இந்தக் காரின் கையேடு எண்ணைத் தரவில்லை. எண் இல்லாத இடத்தில் நான் வெர்னியரை வைத்து என்ன கண்டுபிடிப்பது? அளந்து பார்த்தேன். எட்டு போல்ட்டு கிட்டத்தட்ட ஒரே நீளம். இரண்டு மட்டும் ஏறக்குறைய ஒரு மில்லி கூடுதல். எட்டும் நல்லவையா, எட்டும் ஒரே அளவுக்குக் கெட்டவையா? வெர்னியர் சொல்லாது.

விடை மாமாவிடமிருந்துதான் வந்தது. தலைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, ஒரு தலையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வெள்ளைப் பெயின்ட் புள்ளி ஒன்று. அதற்குப் பக்கத்தில், அழிந்தும் அழியாமலும், மஞ்சளில் இன்னொன்று. கோணம் தெரிவதற்காக ஃபோர்மேன்கள் போல்ட்டுத் தலையில் பெயின்ட் வைப்பார்கள். ஒரு தடவை பூட்டினால் ஒரு நிறம் போதும்.

“டேய் தம்பி, இந்த ஹெட்டு ஏற்கெனவே ஒரு தரம் தொறந்தது. எவனோ இதே போல்ட்டத்தான் திரும்பப் போட்டிருக்கான்.”

அக்காவுக்கு கார் விற்றவர் அதைச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் யார் பிரித்தார்கள், எத்தனை டிகிரி முறுக்கினார்கள், நான்கு தடவையா இரண்டு தடவையா, ஒன்றும் தெரியாது. மாமா போல்ட்டைக் கீழே வைத்துவிட்டு கைப்பேசியை எடுத்து கோலாலம்பூருக்கு அவரே போன் போட்டார். போல்ட்டு நல்லதா கெட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அது இதுவரை என்ன பட்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் சொல்லமுடியும். தான் கழற்றித் தானே டின்னில் போட்ட போல்ட்டின் வரலாறு மாமாவுக்குத் தெரியும். அந்தக் கணக்கில்தான் அவர் நாற்பது வருடம் ஓட்டினார். இந்தப் பத்துக்கும் அந்த வரலாறு இல்லை.

திங்கட்கிழமை இரவு அக்காவை நான் என் மைவியில் கொண்டுபோய் விட்டேன்.

செவ்வாய்க்கிழமை போல்ட்டு வந்ததும் நான் உடனே பூட்டிவிடலாம் என்றிருந்தேன். மாமா விடவில்லை. பழைய பத்தில் ஒன்றை எடுத்து வைஸில் பிடித்து, கிரைண்டரால் மரையின் குறுக்கே மேலிருந்து கீழாக மூன்று பள்ளம் வெட்டினார். அதைப் பிளாக்கின் ஒவ்வொரு துளையிலும் கையால் இறக்கி ஏற்றினார். பள்ளங்களில் கறுப்புக் கசடு அப்பிக்கொண்டு வந்தது. பிறகு காற்றடித்தார். இரண்டு துளைகளிலிருந்து எண்ணெயும் தண்ணீரும் அவர் சட்டைமேல் தெறித்தன. அந்தத் துளைகளுக்கு அடிப்பக்கம் மூடியிருக்கும். உள்ளே திரவம் தேங்கிக் கிடக்கும்போது போல்ட்டை இறக்கினால் அது போக இடமில்லாமல் அழுந்தும். ரென்ச் இறுகிவிட்டது என்று காட்டும், ஹெட் இறுகியிருக்காது. சில சமயம் பிளாக்கே வெடித்துவிடும். புது போல்ட்டு பத்தும் நூற்றைம்பது வெள்ளியும் அந்த ஒரு கரண்டித் தண்ணீரில் வீணாகியிருக்கும். இதை யூடெமில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒருவேளை சொன்ன நாளில் நான் மலாக்காவில் எங்காவது பசியாறிக்கொண்டிருந்திருப்பேன்.

புதிது என்றால் நல்லது என்று நம்புகிறவர்களுக்கு 1990-இல் நடந்த ஒரு விமானக் கதை உண்டு. வேலையிடத்தில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் சொல்வது. அந்த ஆண்டு ஜூன் 10, பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390. பதினேழாயிரம் அடியில் விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் டிம் லங்காஸ்டர் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொள்ள, துணைவிமானி அலஸ்டேர் அச்சிசன் சவுத்தாம்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள். கண்ணாடியை முந்தின நாள்தான் மாற்றியிருந்தார்கள். அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84, விட்டத்தில் 0.66 மில்லிமீட்டர் குறைந்தவை.

எனக்குத் தூக்கம் கெடுப்பது அடுத்த விவரம். கழற்றிய பழைய போல்ட்டுகளும் சரியான அளவு இல்லை, நீளம் கொஞ்சம் குறைவு. ஆனாலும் அவை கண்ணாடியைப் பிடித்தே வைத்திருந்தன. வேலை செய்தவர் பொறுப்பாகத்தான் நடந்தார், பழசைப் போடாமல் புதுசு தேடிப் போனார். ஸ்டோரில் இருந்தவர், கையேட்டின்படி வேறு அளவு என்று சொல்லியும் பார்த்தார். இவர் பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் போதாத இடத்தில் இருந்த வேறொரு அடுக்கில், கண்ணாலேயே ஒப்பிட்டு எடுத்துவந்தார். பழையவற்றையே திரும்பப் போட்டிருந்தால் அன்று கண்ணாடி போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். இதைக் கேட்டதும் மாமாவுக்கு ஒரே சந்தோஷம். “பாத்தியா?” என்றார். பிறகு கோலாலம்பூரிலிருந்து வந்த பெட்டியைத் திறந்து பத்து தலையிலும் 10.9-உம் தயாரிப்பாளர் குறியும் இருக்கிறதா என்று ஒன்றொன்றாகப் பார்த்து, ஒரு பழைய போல்ட்டோடு சேர்த்துப் பிடித்து மரையோடு மரை பொருத்தியும் பார்த்தார். அவருடைய மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான்.

அதற்காக எல்லா போல்ட்டையும் மாற்றச் சொல்கிற ஆள் இல்லை நான். அதே காரில் வாட்டர் பம்ப், மேனிஃபோல்டு, எஞ்சின் மவுண்டிங் போல்ட்டுகளில் பெரும்பாலும் பழையவைதான் திரும்ப ஏறின. ஒன்று துருவால் கழுத்து அரித்திருந்தது, அதற்கு மைலோ டின்னிலிருந்தே அதே எண் அடித்த ஜோடி கிடைத்தது. எண்ணெய் வடிக்கும் போல்ட்டு பழசு, அதன் வாஷர் மட்டும் புதுசு. நைலான் வளையம் வைத்த நட்டுகள் கையாலேயே திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தால் குப்பை. ஸ்ப்ளிட் பின் எப்போதும் புதுசு, இருபது காசு சாமானுக்கு உயிரை வைப்பதில் அர்த்தமில்லை. மற்றபடி கையேட்டில் ‘மாற்றவும்’ என்று எழுதியிருந்தால் மாற்றிவிடுகிறேன். எழுதாத இடத்தில் மாமாவின் கையை நம்புகிறேன்.

ஆனால் அக்காவின் கார் போன பிறகு மாமா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. டீ குடித்துக்கொண்டே கேட்டார்: “ஒங்கக்கா அரசாங்க வேல. நூத்தம்பது வெள்ளி குடுத்தா. ஸ்கூல் வேன்காரன் வருவான். கேஸ்கெட்டுக்கே தவணையில குடுக்கிறவன். போல்ட்டும் மாத்தணும்னா, நீ பழசயே போடுண்ணே, நான் பாத்துக்கிறேம்பான். அவனுக்கு என்னா சொல்றது?”

வேனில் போவது யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தோட்டத்திலிருந்து தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். ஹெட் போல்ட்டு விட்டால் பிரேக் விட்டது போல இல்லை, பெரும்பாலும் வண்டி சூடாகி ஓரமாக நிற்கும், அவ்வளவுதான். ஆனால் தோட்டத்துப் பாதையில், மழையில், பதினைந்து பிள்ளைகளோடு நிற்பதும் சின்ன விஷயமில்லை. இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. பழைய போல்ட்டைப் போட்டும் வருடக்கணக்கில் ஓடிய வண்டிகள் நிறைய. மாமாவே பூட்டியவை. உறுதியாக உடையும் என்றால் சொல்லிவிடலாம். உடையலாம், உடையாமலும் போகலாம் என்பதை, காசு இல்லாதவனிடம் எப்படி விலையாகச் சொல்வது?

நான் தேர்வு அவனுடையது, விளக்கிச் சொல்லி விட்டுவிடுங்கள் என்றேன். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. “அவன் பழசுன்னுதான் சொல்வான். அப்புறம் நான் கேட்டேன், அவன் சொன்னான்னு நான் கை கழுவுறதா?”

இப்போது ஹெட் கேஸ்கெட் வேலை என்றால் அவர் விலையை இரண்டாகப் பிரித்துச் சொல்வதில்லை. கையேடு மாற்றச் சொல்லும் வண்டிகளுக்கு கேஸ்கெட்டும் போல்ட்டும் சேர்த்தே ஒரு விலை. போல்ட்டு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. வேன்காரருக்கு வாங்கிய விலைக்கே போட்டு, கூலியில் குறைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு மாதத் தவணை கூட்டியிருக்கிறார். ஆனால் விலை கூடிவிட்டது என்று தம்பினுக்குப் போய்விட்ட வாடிக்கையாளர்கள் இதுவரை மூன்று பேர். அங்கே என்ன போல்ட்டு போட்டார்கள் என்று அவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள்.